மேடைக்குப் பின்னால்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கல்லூரி நாடகத் துறை அடுத்த ஆண்டுக்கு நான்கு நாடகங்களை அறிவிக்க வேண்டும். ஆசிரியர்கள் கிரேக்க நாடகம், ஷேக்ஸ்பியர், அப்புறம் ஒரு இசை நாடகம் என்கிறார்கள். எல்லாமே புதுசாக வேண்டும் என்கிறோம் நாங்கள். யார் சொல்வது சரி? (மூன்றாம் ஆண்டு மாணவி)

பதில்: சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் தலையை எண்ணுங்கள். நடிக்க ஆசைப்படுகிறவர்கள் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை என்று ஒரு தாளில் எழுதிவிட்டுப் பட்டியலைப் பார்த்தால் பாதி நாடகம் தானாகவே உதிர்ந்துவிடும். 'ஜூலியஸ் சீசர்' நல்ல நாடகம்தான், ஆனால் பேர் சொல்லும்படியான பெண் பாத்திரங்கள் இரண்டே இரண்டு, கல்பூர்னியாவும் போர்ஷியாவும். 20 பெண்கள் படிக்கும் துறையில் அதை அப்படியே போட்டால் மீதி 18 பேர் வாசலில் டிக்கெட் கிழிக்க வேண்டியதுதான். அதன் பெரிய ஆண் பாத்திரங்களான புரூட்டஸையும் காஷியஸையும் பெண்களுக்கே கொடுப்பீர்கள் என்றால் சரி, எடுங்கள். 2012-இல் லண்டனில் இயக்குநர் ஃபிலிடா லாயிட் முழுக்கப் பெண்களை வைத்தே இதைப் போட்டார்.

கிரேக்க நாடகம் என்றதும் உங்கள் முகம் போன போக்கு இங்கிருந்தே தெரிகிறது. சோஃபக்ளிஸ் காலத்தில் பேசும் நடிகர்கள் மூன்று பேர்தான், முகமூடியை மாற்றி மாற்றி எல்லாப் பாத்திரத்தையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், கூடவே கோரஸ், அதாவது சேர்ந்தே பேசிப் பாடும் குழு, 15 பேர். முதலாண்டுப் பிள்ளைகளை அந்தக் கோரஸில் நிறுத்துங்கள். ஒரே வரியை 15 பேர் சேர்ந்து சொல்ல வேண்டுமானால் மூச்சையும் சேர்ந்துதான் இழுக்க வேண்டும். முதல் வாரம் சந்தைக்கடை மாதிரி இருக்கும், ஒருத்தர் முந்துவார், ஒருத்தர் வாலாக வருவார், இயக்குநர் கைதட்டித் தட்டிக் களைத்துப் போவார், அப்புறம் ஒருநாள் யாரும் சைகை காட்டாமலே 15 மூச்சும் ஒன்றாக உள்ளே போகும். அந்தச் சின்னச் சத்தத்துக்காகவே நான் ஒத்திகை பார்க்கப் போவேன்.

புதுசு ஒன்று கட்டாயம் வேண்டும், உங்களில் ஒருவர் எழுதியதாகவே இருக்கட்டும். ஆனால் அதை ஆண்டின் கடைசியில் வையுங்கள், ஏனென்றால் எழுதியவர் கடைசி வாரம் வரை திருத்திக்கொண்டே இருப்பார். இசை நாடகம் வேண்டுமென்றால் எண்ணிக்கையை மூன்றாகக் குறைத்துவிடுங்கள். பாட்டு, ஆட்டம், வாத்தியம் என்று அது ஒன்றே இரண்டு நாடகத்தின் உழைப்பை விழுங்கும்.

கேள்வி: செகாவின் 'மூன்று சகோதரிகள்' போடுகிறோம். நுழைவு இலவசம்தான், அனுமதி வாங்க வேண்டுமா?

பதில்: செகாவ் இறந்தது 1904-இல், அவருடைய காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, அவருக்காக யாரையும் கேட்க வேண்டாம். ஆனால் நீங்கள் ரஷ்ய மொழியிலா போடுகிறீர்கள்? கையில் இருக்கும் மொழிபெயர்ப்புக்குத் தனியாக உரிமை இருக்கலாம், அதைப் பதிப்பகத்தில் விசாரியுங்கள். வகுப்புக்குள், கல்லூரிக்குள் நடத்துவதற்குச் சில நாட்டுச் சட்டங்கள் சலுகை தருகின்றன, வெளியாட்களைக் கூப்பிட்டால் கதையே வேறு. இலவசம் என்ற ஒரு காரணம் மட்டும் போதாது. வசனத்தை வெட்டுவது, ஆண் பாத்திரத்தைப் பெண்ணுக்குக் கொடுப்பது எல்லாவற்றையும் அதே கடிதத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு போஸ்டர் அடியுங்கள். 1988-இல் நெதர்லாந்தில் ஆண் பாத்திரங்களே உள்ள 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தில் பெண்கள் நடித்தபோது, அதை எழுதிய சாமுவேல் பெக்கெட் நீதிமன்றம் வரை போனார். தோற்றார், தோற்ற கோபத்தில் அந்த நாட்டில் தன் நாடகங்களையே போடக்கூடாது என்றுவிட்டார்!

கேள்வி: அதே நாடகத்தில் எனக்கு 80 வயது அன்ஃபீசா பாத்திரம். எனக்கு வயது 20.

பதில்: தலையில் பவுடரைக் கொட்டாதீர்கள், முதுகை வில்லாக வளைக்காதீர்கள், குரலை நடுங்க விடாதீர்கள். வயதான ஒருவர் நாற்காலியில் எப்படி உட்காருகிறார் என்று பாருங்கள். கை முதலில் பின்னால் போய் நாற்காலியின் கைப்பிடியைத் தேடும், கிடைத்ததும் பிடிக்கும், அதற்கப்புறம்தான் முழங்கால் மடங்கும். இதை மட்டும் பழகுங்கள், மீதியைச் செகாவ் பார்த்துக்கொள்வார்.

கேள்வி: மூன்று ஆடிஷனிலும் என்னை எடுக்கவில்லை. துறையை மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. உயரம், குரல், எதிரே நிற்கப்போவது யார் என்று அதில் உங்கள் கையில் இல்லாத கணக்குகள் நிறைய உண்டு. அடுத்த நாடகத்தில் ஸ்டேஜ் மேனேஜருக்கு உதவியாகப் போங்கள். ஒரு நடிகர் இரண்டு நொடி தாமதித்தால் விளக்குக்கான க்யூ, அதாவது விளக்கை மாற்றச் சொல்லும் சைகை, எப்படித் தள்ளிப்போகிறது என்று அந்த இருட்டு மூலையில் நின்று பார்த்துவிட்டு நான்காவது ஆடிஷனுக்கு வாருங்கள்.

கேள்வி: ஒரு நாடகத்துக்கு எத்தனை வாரம் ஒத்திகை?

பதில்: மாலை நேரம் மட்டும் என்றால் ஆறிலிருந்து எட்டு வாரம், அதில் கடைசி வாரம் முழுக்க செட்டுக்கும் விளக்குக்கும் உடைக்கும். அந்த வாரத்தில் பருவத் தேர்வு வருகிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.