“மேலே எப்படி இருக்கிறது?”

அன்புள்ள அக்கா,

பள்ளி நாட்களிலிருந்து ஜிம்னாஸ்டிக்ஸ் செய்துவருகிறேன். வயது 27. சென்ற மாதம் ஒரு தீம் பார்க்கில், கம்பியில் பறந்து நடிக்கும் கலைஞர்களுக்கான ஆடிஷனுக்குப் போனேன். உயரமும் எடையும் பார்த்தார்கள். எடை, வரம்பின் மேல் விளிம்பில் இருந்தது. புல்-அப் பத்து எடுத்தேன். நடனத்திலும் தேறினேன். கடைசியாக ஹார்னஸ், அதாவது உடலைத் தாங்கும் பட்டைக் கவசம், மாட்டித் தூக்கினார்கள். இடுப்பெலும்பில் பட்டை கடித்தது, காட்டிக்கொள்ளவில்லை. “மேலே எப்படி இருக்கிறது?” என்று கீழிருந்து கேட்டார்கள். “அருமையாக இருக்கிறது, இன்னும் உயரே போகலாம்” என்றேன். தேர்வாகவில்லை. காரணமும் சொல்லவில்லை. ஆறு வாரத்தில் இன்னொரு ஆடிஷன் வருகிறது. நாலைந்து கிலோ குறைத்துக்கொண்டு போகட்டுமா? இல்லை, இந்த வயதில் இது வீண் ஆசையா?

எம்.

அன்புள்ள எம்.,

“பட்டை கடித்தது, காட்டிக்கொள்ளவில்லை.” உங்கள் கடிதத்தில் இந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு நெடுநேரம் ஆயிற்று. அதனால்தான் உங்களை எடுக்கவில்லை என்று அங்கே இல்லாத நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்பது ஆண்டுகள் கம்பியில் பறந்தவள், பிறகு சில ஆடிஷன்களில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவள் என்ற முறையில், என் சந்தேகம் அங்கேதான் போய் நிற்கிறது.

“மேலே எப்படி இருக்கிறது?” என்ற கேள்வியை உபசாரத்துக்காகக் கேட்பதில்லை. கம்பியை இயக்கும் ரிக்கருக்குக் கீழிருந்து பல விஷயங்கள் தெரியும். கம்பி எவ்வளவு இழுபடுகிறது, உடல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையெல்லாம் பார்த்தே சொல்லிவிடுவார். பட்டை முறுக்கிக்கொண்டிருப்பதோ, தொடை மரத்துப்போவதோ, கண் இருட்டுவதோ அவருக்குத் தெரியாது. அசையாமல் ஹார்னஸில் தொங்கினால் இரத்தம் கால்களில் தேங்கும், இதயத்துக்குத் திரும்பி வருவது குறையும், தலை சுற்றும், மயக்கம்கூட வரும். அந்தரத்தில் மயங்கியவரை இறக்குவது எவ்வளவு கடினம் என்று நினைத்துப் பாருங்கள். இவற்றைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான், மேலே தொங்குகிறவர். எப்போது கேட்டாலும் “அருமை” என்கிற ஒருவரை வைத்துக்கொண்டு ரிக்கர் என்ன செய்வார்?

இது நான் காலை முறித்துக்கொண்டு கற்றது. வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, ஒரு மாலைக் காட்சிக்கு முன் எனக்குத் தலை கனத்துக் கிடந்தது. நன்றாக இருக்கிறேனா என்று கேட்டார்கள். இருக்கிறேன் என்றேன். இறங்கும் மேடை வந்தபோது கால்களை முன்னே நீட்ட அரை நொடி தாமதித்தேன், கணுக்கால் முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் என் கம்பியை இயக்கியவர் பல வாரங்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. என் சொல்லை நம்பித்தான் அவர் கம்பியை விட்டிருந்தார். அந்த வெட்கம் இன்றும் எனக்கு ஆறவில்லை.

நாம் பறக்கிறோம் என்று சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் நம்மைப் பறக்கவைக்கிறார்கள். 1904-இல் லண்டனில், பறக்கும் சிறுவனைப் பற்றிய ‘பீட்டர் பான்’ நாடகம் அரங்கேறியபோது நடிகர்களை உயர்த்தியது ஜார்ஜ் கிர்பியின் கருவி. 1950-இல் நியூயார்க்கில் அதே கதை மேடையேறியபோது கம்பிகளைக் கையாண்ட பீட்டர் ஃபாய், பிறகு வாழ்நாள் முழுவதும் மற்றவர்களைப் பறக்கவைப்பதையே தொழிலாகக் கொண்டார். ஆடிஷனில் அவர்கள் தேடுவது, இப்படிப்பட்ட ஒருவர் தன் கையில் வாங்கிக்கொள்ளத் துணியும் உடலை.

புல்-அப் பத்து எடுத்தது நல்லது. ஆனால் தொங்கும் துணியிலோ, டிரபீஸ் என்னும் சர்க்கஸ் ஊஞ்சலிலோ தொங்குகிறவருக்குத்தான் கையே எல்லாம். ஹார்னஸில் பறக்கிறவரைத் தாங்குவது வயிறும் முதுகும். இடுப்பின் இரு பக்கமும் கம்பி மாட்டினால் தராசு முள்போல ஆகிவிடுவீர்கள். தலையைக் கொஞ்சம் தாழ்த்தினால் உடல் முன்னே கவிழும், முழங்காலை மடக்கினால் சுழற்சி மாறும். அங்கே அசையாமல் இருப்பதற்குத்தான் பலம் தேவை. ஊசலாட்டத்தையும் கவனியுங்கள். பத்து மீட்டர் கம்பியில் ஒருவர் போய்த் திரும்ப ஆறு நொடிக்குச் சற்று மேலாகும். எடை கூடினாலும் குறைந்தாலும் அந்த நேரம் மாறாது, காலை உதைத்தாலும் அவசரப்படுத்த முடியாது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஆறு நொடியில் கைகால்களை வீசித் தவிப்பார்கள். நான் மேசையிலிருந்து பார்த்த ஒரு பெண் அந்த ஆறு நொடியும் தன் விரல் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள், வேறொன்றும் செய்யவில்லை. அரங்கில் இருந்த அத்தனை பேரும் அந்த விரலையே பார்த்தோம்.

எடை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். குறைக்காதீர்கள். வரம்புக்குள் இருந்தீர்கள், அது போதும். அந்த வரம்பு அழகுக்காகப் போட்டதல்ல. சரிவான கம்பியில் இறங்கும்போது கனமானவர் வேகமாக வந்து சேர்வார், மிக லேசானவர் நடுவழியில் நின்றுவிடக்கூடும். எதிர் எடை வைத்து இயக்கும் இடத்தில் அந்த எடையைப் பறப்பவருக்கு ஏற்பச் சரிபார்த்திருப்பார்கள். அதனால்தான் பல இடங்களில் மேல் எல்லையோடு கீழ் எல்லையும் வைக்கிறார்கள். ஒரு காட்சிக்குப் பொருந்தாத உடல் இன்னொரு காட்சிக்குப் பொருந்தும். ஆறு வாரம் பட்டினி கிடந்து நாலைந்து கிலோ இறக்கினால் கொழுப்போடு தசையும் போகும். தசை போனால் நான் மேலே சொன்ன அசையாமை போகும். சாப்பிடாத உடலுக்கு ஹார்னஸில் தலை சுற்றுவதும் எளிது. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

வயதைப் பற்றி அஞ்சவே வேண்டாம். டைனி கிளைன் 1891-இல் ஹங்கேரியில் பிறந்தவர், அமெரிக்க சர்க்கஸ்களில் சாகசம் செய்தவர். 1932-இல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்துக்கு மேலே பல்லால் கடித்துத் தொங்கியபடி கம்பியில் சறுக்கினார். 1961-இல், எழுபதை ஒட்டிய வயதில், கலிபோர்னியாவின் டிஸ்னிலேண்டில், பீட்டர் பான் கதையில் வரும் டிங்கர் பெல் என்ற குட்டித் தேவதையாகப் பறந்தார். சுமார் 45 மீட்டர் உயரமுள்ள மேட்டர்ஹார்ன் செயற்கை மலையின் உச்சியிலிருந்து புறப்பட்டு, கோட்டைக்கு மேலே இரவு வானத்தில் போவார். மறுமுனையில் ஆட்கள் மெத்தையைப் பிடித்துக்கொண்டு நின்று அவரை நிறுத்துவார்களாம். நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது. ஒரு கம்பி எப்போது என்ன செய்யும் என்று அந்த உடலுக்குத் தெரிந்திருந்தது. உங்களுக்கு அவரைவிட நாற்பது ஆண்டுகள் குறைவு.

இந்த ஆறு வாரத்தில் பயிற்றுநர் இருக்கும் இடமாகப் பார்த்து ஹார்னஸில் பழகுங்கள். தனியாக ஒருபோதும் வேண்டாம். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் எங்கே அழுத்துகிறது, எங்கே மரக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பெருமைக்காரர்களுக்கு இது புல்-அப்பைவிடக் கடினம், எனக்குத் தெரியும்.

ஆடிஷன் அன்று தூக்குவதற்கு முன்பே ரிக்கரிடம் போய், நிறுத்தச் சொல்ல இங்கே என்ன சைகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். இசை ஓங்கிவிட்டால் குரல் கீழே எட்டாது. பட்டை கடித்தால் அந்தச் சைகையைக் காட்டுங்கள். இறக்குவார்கள், சரிசெய்வார்கள், மறுபடி தூக்குவார்கள்.

இடுப்பில் கன்றிய இடம் ஆறிவிட்டதா? ஆறவில்லை என்றால் ஆறும்வரை ஹார்னஸ் வேண்டாம். தரையில் வயிற்றுக்கும் முதுகுக்கும் பயிற்சி செய்யுங்கள். ஆடிஷன் முடிந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா