அம்மாவின் சளி மாதிரி சென்னைக்குப் போனது எதற்காக?

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். 2022 ஜனவரியில் என் தாயாருக்குக் கொரோனா உறுதியானபோது, அவருடைய சளி மாதிரியை மரபணுப் பகுப்பாய்வுக்காகச் சென்னைக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். முடிவு இன்றுவரை எங்களுக்கு வரவில்லை. குடியிருப்புக்கு நோயைக் கொண்டுவந்தவர் அம்மாதான் என்று சிலர் இன்னமும் பேசுகிறார்கள். அந்த முடிவு கிடைத்தால் உண்மை தெரிந்துவிடுமா? அவருக்கு 68 வயது, நீரிழிவும் உண்டு. மீண்டும் காய்ச்சல் வந்தால் மாதிரி கொடுக்கச் சொல்லலாமா?

மருத்துவர் பதில்: உங்கள் தாயாரைப் பற்றிய பேச்சுக்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த முடிவு உங்கள் கைக்கு வந்திருந்தாலும், யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்பதை அது சொல்லியிருக்காது.

கொரோனா வைரஸின் மரபணுத் தொடர் ஏறத்தாழ 29,900 எழுத்துகள், அதாவது வேதி அலகுகள், கொண்டது. உடலுக்குள் அது பெருகும்போது இந்த எழுத்துகள் முழுவதும் நகலெடுக்கப்படுகின்றன. அப்போது எங்கோ ஓர் எழுத்து மாறிவிடுகிறது. சேலம் அம்மாப்பேட்டையில் ஜக்கார்டு தறி ஓட்டுபவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லிவிடலாம். அட்டையில் குத்திய துளைகளின்படியே அந்தத் தறி டிசைனை நெய்யும். டிசைன் அட்டையில் ஒரு துளை தவறிப்போனால், அந்த அட்டையில் ஓடும் எல்லாச் சேலையிலும் அதே இடத்தில் அதே பிழை விழும். அதைப் பார்த்து இன்னொருவர் புது அட்டை செய்தால் பழைய பிழையோடு அவர் கை தவறிய பிழையும் சேரும். ஆகவே பிழைகளை வரிசையாக ஒப்பிட்டாலே எந்த அட்டை எதிலிருந்து பிறந்தது என்று கண்டுகொள்ளலாம். வைரஸின் குடிவழியை ஆய்வாளர்கள் வரைவது இந்த வழியில்தான்.

ஆனால் இந்த வைரஸுக்கு நகலைச் சரிபார்த்துத் திருத்திக்கொள்ளும் ஆற்றல் ஓரளவு உண்டு. அதனால் ஒரு குடிவழியில் மாதத்துக்குச் சுமார் இரண்டு மாற்றங்களே நிலைக்கின்றன. ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு அது சில நாள்களிலேயே தாவிவிடுவதால், ஒரே குடியிருப்பில் அடுத்தடுத்து நோயுற்ற நான்கைந்து பேரின் மரபணுத் தொடர் எழுத்து மாறாமல் ஒன்றாகவே இருக்கக்கூடும். தொற்று ஒரே கிளையைச் சேர்ந்தது என்று காட்டலாமே தவிர, அது முதலில் யாருக்கு வந்தது என்று காட்ட முடியாது. முதலில் பரிசோதித்துக்கொண்டவர்தான் முதலில் தொற்றியவர் என்பதும் இல்லை. உங்கள் தாயார் தயங்காமல் பரிசோதனைக்குச் சென்றார் என்பதற்காகவே பழி சுமப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

முடிவு ஏன் வரவில்லை? அது நோயாளியின் சிகிச்சைக்காகச் செய்யப்பட்ட பரிசோதனை அன்று. ஊரின் நலனுக்கான கண்காணிப்பு. வைரஸ் டெல்டா வகையோ ஒமைக்ரான் வகையோ, மூச்சுத்திணறல் வந்தவருக்கு ஆக்சிஜனும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தும்தான் அடிப்படை. தொற்று உறுதியான எல்லா மாதிரிகளையும் பகுப்பாய்வு செய்வதும் இயலாது. வைரஸின் அளவு போதுமானதாக, அதாவது சி.டி. மதிப்பு (பரிசோதனையில் வைரஸ் தென்பட எத்தனை சுற்று ஆனது என்ற எண்; அது குறைந்தால் வைரஸ் அதிகம்) பொதுவாக 30-க்குக் குறைவாக உள்ளவற்றிலிருந்தே தேர்ந்தெடுப்பார்கள். ஆயினும் மாதிரி கொடுத்தவருக்கு இதை அன்றே விளக்கியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

தனியொருவருக்குப் பயன்படாத அந்த விவரம் நாட்டுக்கு எப்படிப் பயன்பட்டது என்பதற்கு ஒமைக்ரானே சான்று. 2021 நவம்பர் 24 அன்று தென்னாப்பிரிக்கா அதை உலகச் சுகாதார நிறுவனத்துக்கு அறிவித்தது. எட்டாம் நாளான டிசம்பர் 2 அன்று கர்நாடகத்தில் இருவருக்கு அது இருப்பது அறிவிக்கப்பட்டது. மரபணு ஆய்வகங்களை ஒருங்கிணைக்க இன்சாகாக் என்ற கூட்டமைப்பு 2020 டிசம்பரிலேயே தொடங்கப்பட்டிருந்தது அப்போது கைகொடுத்தது. தமிழக அரசும் 2021 செப்டம்பரில் சென்னையில் தனக்கென ஆய்வகம் திறந்திருந்தது. ஒமைக்ரானின் மேற்பரப்பிலுள்ள முள் புரதத்தில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்தன. அவற்றுள் ஒரு சிறு விடுபாட்டின், அதாவது சில எழுத்துகள் இல்லாமற்போனதன், காரணமாக, மூன்று மரபணுக்களைத் தேடும் ஒருவகை ஆர்டி-பிசிஆர் பரிசோதனையில் மற்ற இரண்டும் தெரிய, முள் புரதத்துக்குரிய எஸ் மரபணு மட்டும் தெரியாமல் போனது. அன்று பரவலாக இருந்த டெல்டாவில் அது தெரியும் என்பதால், முழுப் பகுப்பாய்வு முடியும்வரை காத்திராமல் அன்றன்றே சந்தேகத்துக்குரியவர்களைப் பிரித்துவிட முடிந்தது. பின்னர் வந்த, ஒமைக்ரானின் பி.ஏ.2 என்ற கிளையில் அந்த விடுபாடு இல்லை. எனவே அந்தக் குறுக்குவழி அடைபட்டது. கண்காணிப்பை ஒருமுறை செய்து நிறுத்திவிட முடியாது என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

மருந்துகளும் இதைச் சார்ந்தே இருக்கின்றன. டெல்டா காலத்தில் பயன்பட்ட காசிரிவிமாப், இம்டெவிமாப் என்ற எதிரணுக் கூட்டு மருந்து ஒமைக்ரானிடம் பயனற்றுப்போனதால், 2022 ஜனவரியிலேயே அமெரிக்கா அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. தடுப்பூசியை ஒமைக்ரானின் எக்ஸ்.பி.பி. கிளைக்கு ஏற்ப மாற்றுமாறு 2023 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு பரிந்துரைத்ததும் இத்தகைய தொடர்களைப் பார்த்துத்தான்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். கட்டாயம் கொடுக்கச் சொல்லுங்கள். பெருநகரங்களில் கழிவுநீரைச் சோதித்தே வைரஸின் போக்கை ஓரளவு அறியலாம். பாதாளச் சாக்கடை இல்லாத, ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையின் சிற்றூர்களுக்கு அந்த வழி இல்லை. அங்கிருந்து வரும் சளி மாதிரி ஒவ்வொன்றுக்கும் மதிப்பு அதிகம். கோடையில் வெளியூர்க் கூட்டம் நிறையும் மலை என்பதையும் நினைத்துப் பாருங்கள். மாதிரி எடுத்த தேதியும், நோயாளி வசிக்கும் சிற்றூரின் பெயரும் படிவத்தில் சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று மட்டும் அருகிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டுக்காரரின் மாதிரியில் சேலம் என்று மட்டும் எழுதினால், மலையில் என்ன பரவுகிறது என்பது நகரக் கணக்கில் கரைந்துவிடும்.

காய்ச்சல் தொடங்கிய ஓரிரு நாள்களுக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். மாதிரியில் வைரஸ் போதிய அளவில் கிடைப்பதும் அப்போதுதான். சர்க்கரை அளவை நாள்தோறும் பாருங்கள். ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்கினாலோ மூச்சு வாங்கினாலோ, எந்த முடிவுக்கும் காத்திராமல் உடனே மலையிறங்கிச் சேலம் அரசு மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.