அலமாரி மேல் இருக்கும் அழைப்பிதழ்க் கட்டு

அன்புள்ள அக்கா,

எங்கள் அக்காவின் கல்யாணத்தை 2020 மே மாதம் என்று குறித்திருந்தோம். மண்டபத்துக்கு முன்பணம் கட்டி, ஐந்நூறு அழைப்பிதழும் அடித்தாகிவிட்டது. அப்புறம் கோறனி (கொரோனா) வந்தது. தேதி மூன்று முறை தள்ளிப்போய், கடைசியில் கோயிலில் இருபது பேர் முன்னால் தாலி கட்டினார்கள். அழைப்பிதழ்க் கட்டை அப்பா இன்னும் அலமாரி மேலேயே வைத்திருக்கிறார். அந்தப் பேச்சு வந்தாலே அக்கா எழுந்து போய்விடுகிறார். எத்தனையோ வீடுகளில் உயிரே போனது. நாங்கள் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம். இதற்குப் போய் இன்னமும் வருத்தப்படலாமா?

க., பகாவ்

அன்புள்ள தம்பி,

“உயிரோடு இருக்கிறோமே, அது போதாதா?” இதை நானும் என் வீட்டில் சொல்லியிருக்கிறேன். சொல்லியிருக்கக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன்.

நாங்கள் இருப்பது ஜொகூர் மாநிலத்துக் கூலாயில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டி. என் வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தால், வீடு திரும்ப இரவாகிவிடும். 2020 மார்ச் 16 இரவு மலேசியப் பிரதமர் தொலைக்காட்சியில் வந்து, 18ஆம் தேதி முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை என்று அறிவித்தார். மார்ச் 31 வரைதான் என்றார்கள். இரண்டு வாரம்தானே என்று நாலு சட்டை, ஒரு கைலி, மாமியார் போட்ட எலுமிச்சை ஊறுகாய் ஒரு போத்தல், இவ்வளவுதான் கட்டிக் கொடுத்தேன். 17ஆம் தேதி ஆயிரக்கணக்கானவர்களோடு அவரும் சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தைக் கடந்தார். அதற்கப்புறம் எல்லை மூடியே கிடந்தது. ஆகஸ்ட் 17இல்தான் இரு நாட்டு வேலையாட்களுக்கென்று ஒரு பயணத் திட்டம் வந்தது. அதிலும் குறைந்தது மூன்று மாதம் அங்கே வேலை பார்த்தால்தான் விடுப்பில் வரலாம். தீபாவளிக்கு அவர் இல்லை. டிசம்பரில் வந்தார், ஆள் பாதியாக இளைத்து.

வீட்டுக்கு ஒருவர்தான் சாமான் வாங்க வெளியே போகலாம், அதுவும் பத்துக் கிலோமீட்டருக்குள் என்றார்கள். அந்த ஒருவர் நான். அதையெல்லாம் சமாளித்துவிட்டோம்.

நான் சொல்ல வந்தது என் மகளைப் பற்றி. அவள் அப்போது ஆறாம் ஆண்டு. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதிய அரசுத் தேர்வுதான் யுபிஎஸ்ஆர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் அது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். மாலை வகுப்பு, கோயிலில் பேனா வைத்துப் பூசை, எட்டு ஏ எடுத்த பிள்ளைக்கு மாலை. அவள் பள்ளியில் ஒரு மரப்பலகை உண்டு. சிறந்த தேர்ச்சி பெற்றவர்கள் பெயரை ஆண்டுவாரியாகத் தங்க நிறத்தில் எழுதியிருப்பார்கள். அவளுடைய அத்தை பெயரும் அதில் இருக்கிறது.

ஏப்ரல் 15ஆம் தேதி அந்த ஆண்டுக்கான யுபிஎஸ்ஆர் ரத்து என்று அறிவித்தார்கள். நான் சமையலறையில் இருந்தபடியே, “நல்லதாப் போச்சு, பரீட்சை இல்லை, சந்தோஷமா இரு” என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பழைய தேர்வுத்தாள்களை அடுக்கி, ராஃபியா கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். இரவு சாப்பிட வரவில்லை. சைக்கிள் வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருந்தார், அது போச்சே என்ற அழுகை என்று நினைத்தேன். “அங்கே ஆள் ஆளாகச் சாகிறார்கள், நீ பரீட்சைக்கு அழுகிறாயா?” என்று வேறு கேட்டுவிட்டேன். அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நிகழ்ச்சிக்காக அந்தப் பள்ளிக்குப் போனபோதுதான் பலகையைப் பார்த்தேன். 2019தான் கடைசி வரி. 2021 ஏப்ரலில் யுபிஎஸ்ஆரையே எடுத்துவிட்டார்கள், இனி யார் பெயரும் அதில் ஏறப்போவதில்லை. கீழே பாதிப் பலகை வெறும் மரம். அன்று வீட்டுக்கு வந்து அவளைக் கேட்டேன். “அத்தை பெயருக்குக் கீழே எங்கே வரும்னு விரல் வச்சுப் பார்த்து வச்சிருந்தேன்மா” என்றாள். சைக்கிளெல்லாம் அவள் நினைப்பிலேயே இல்லை.

அப்பா வர முடியவில்லையே என்று அந்த வருஷம் தெருவே எங்களிடம் விசாரித்தது. அவளை ஒருவரும் விசாரிக்கவில்லை, பெற்ற நானே விசாரிக்கவில்லை. சாவு வீட்டைக் காட்டி வாயடைத்துவிட்டால் பிள்ளை அப்புறம் எதைச் சொல்லும்?

உங்கள் அக்காவிடம் நடந்த கல்யாணத்தைப் பற்றிப் பேசாதீர்கள் தம்பி. இருபது பேர் வந்தார்களே, நன்றாகத்தானே நடந்தது என்று ஆறுதலும் சொல்லாதீர்கள். மே மாதத்தில் நடக்க இருந்ததைக் கேளுங்கள். எந்தச் சேலை எடுத்து வைத்திருந்தார், தோழியாக யார் நிற்பதாக இருந்தது, எந்தப் பாட்டி எந்த ஊரிலிருந்து வருவதாக இருந்தது. எழுந்து போனால் போகட்டும், இன்னொரு நாள் கேளுங்கள். வருத்தப்பட அவருக்கு முழு உரிமை இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கும்தான். அந்தக் கட்டைத் தூக்கிப்போடும்படி யாரும் அவரிடம் சொல்ல வேண்டாம்.

முடிந்தால் அதைப் பிரித்து எனக்கு ஓர் அழைப்பிதழ் அனுப்பச் சொல்லுங்கள். மே மாதத் தேதியோடு அப்படியே வரட்டும்.

அன்புடன்,
அக்கா