அகதிகள் நெருக்கடியைப் பின்னணியாக வைத்து, சென்னையில் நடக்கும் கொலை மர்மக் கதை எழுத நல்ல களம் எது?

புழல் காவாங்கரையில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாமைப் பாருங்கள். நான் செங்குன்றத்துக்காரன். அந்த முகாம் பையன்கள் சிலர் என்னோடு பள்ளியில் படித்தவர்கள், இன்றும் பழக்கம் விட்டுப்போகவில்லை. அந்த உரிமையில்தான் சொல்கிறேன்.

இப்படி ஒரு கதை என்றதுமே பலர் இயக்கம், துப்பாக்கி என்று போய்விடுகிறார்கள். சென்னைக்கு அந்த வரலாறும் உண்டு. 1986 தீபாவளியன்று சூளைமேட்டில் துப்பாக்கிச் சூடு, 1990 ஜூனில் கோடம்பாக்கம் சக்கரியா காலனியில் ஈழ இயக்கத் தலைவர்களில் ஒருவரான பத்மநாபாவும் தோழர்களும் கொல்லப்பட்டது, அடுத்த வருடம் ஸ்ரீபெரும்புதூர். இதற்கெல்லாம் சம்பந்தமே இல்லாத குடும்பங்கள்தான் அதன்பிறகு சந்தேகக் கண்ணுக்குக் கீழேயே வாழ்ந்தன. தயவுசெய்து அவர்கள் கையில் மறுபடி துப்பாக்கியைக் கொடுக்காதீர்கள்.

மர்மக் கதைக்கு வேண்டிய முடிச்சு அவர்களுடைய அன்றாடத்திலேயே இருக்கிறது. வருவாய்த் துறை ஆட்கள் பதிவேட்டோடு முகாமுக்கு வந்து ஆள் சரிபார்ப்பார்கள். ஆள் இல்லையென்றால் மாதப் பணக்கொடை நிற்கும், பெயரே பதிவிலிருந்து போகவும் கூடும். ஆனால் அந்தப் பணத்தில் யார் குடும்பம் நடத்த முடியும்? அதனால் ஆண்களில் நிறையப் பேர் பெயிண்டிங் வேலைக்குப் போகிறார்கள். ஓ.எம்.ஆர். பக்கம் அடுக்குமாடிகளில் கயிற்றில் தொங்கியபடி வெளிச்சுவருக்கு வண்ணம் அடிப்பார்கள். வேலை முடியும்வரை அங்கேயே தங்கிவிடுவதும் உண்டு.

இப்போது கதையைப் போடுங்கள். அப்படி ஒரு கட்டடத்தில் ஒருவன் செத்துக் கிடக்கிறான். சந்தேகம் விழும் ஆள் அன்றைக்கு முகாமில்தான் இருந்தான் என்று அரசாங்கப் பதிவேடே சொல்கிறது. உண்மையில் பெயர் கூப்பிட்டபோது அவன் அம்மா, "இருக்கிறான் சேர், இப்பதான் குளிக்கப் போனவன்" என்று சமாளித்திருக்கிறார். கூடவே பக்கத்து வீட்டு அண்ணனும் தலையாட்டியிருக்கிறார். கொலையை நேரில் பார்த்த இன்னொரு பெயிண்டரும் அதே பதிவேட்டின்படி அன்று முகாமில்தான் இருந்தான்! அவன் வாயைத் திறந்தால் குற்றவாளி மாட்டுவான், கூடவே சாட்சியின் குடும்பமும் மாட்டும். இந்த மௌனத்தை உடைக்க வரும் இன்ஸ்பெக்டரை நல்லவராகவே எழுதுங்கள், அப்போதுதான் வலிக்கும். உண்மையைக் கண்டுபிடிக்க அவர் எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியிலும் அகதிகளைக் கண்காணிக்கும் க்யூ பிரிவு போலீசுக்குப் போக வேண்டிய இன்னொரு விவரம் அவர் கையில் சேரும்.

கொலைக்குக் காரணம் வேண்டுமா? படகு ஏஜென்ட். ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புகிறேன் என்று நகையை விற்ற காசை வாங்கிக்கொண்டு காணாமல் போனவர்கள் உண்டு. 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து 157 பேரோடு புறப்பட்ட படகை ஆஸ்திரேலியா நடுக்கடலில் மறித்து, அவர்களை ஏறக்குறைய ஒரு மாதம் கப்பலிலேயே அடைத்து வைத்தது, பிறகு நவுரு தீவுக்கு அனுப்பியது. போனவர் கதி அது. போகாமல் பணத்தைத் தொலைத்தவரோ ஸ்டேஷனில் புகார்கூடக் கொடுக்க முடியாது. திருட்டுத்தனமாகப் போகப் பார்த்தாய் என்று அவர் மேலேயே வழக்கு வரும்.

கதாநாயகனுக்கு முப்பது வயது வைத்தால் அவன் இங்கேயே பிறந்தவனாக இருப்பான். ஆனாலும் இந்தியன் இல்லை. 1987 ஜூலைக்குப் பிறகு இங்கே பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் பிறப்பு வழியில் குடியுரிமை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. அகதிகளுக்கான 1951 ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்தே போடவில்லை. இதையெல்லாம் கதையில் வகுப்பு எடுக்க வேண்டாம். பாஸ்போர்ட்டுக்கு அவன் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்று இன்ஸ்பெக்டர் கேட்கும் ஒரு காட்சி போதும். எனக்கு இது இன்றைக்கும் ஆறவில்லை. என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அதே வரலாற்றுப் பாடத்தைப் படித்தவன் அவன்.

கேளம்பாக்கத்தில் ரோஹிங்கியா குடும்பங்களும் இருக்கின்றன. மியான்மரிலிருந்து 2012 வாக்கில் வந்தவர்கள், அரசாங்கத்தின் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் தங்கவைக்கப்பட்டார்கள். அவர்களை வைத்தும் எழுதலாம், ஆனால் அங்கே விசாரணை முழுக்க மொழிபெயர்ப்பவர் வழியாகத்தான் நடக்கும். அந்த ஆளையே முக்கியப் பாத்திரமாக்கித் தனி நாவலாக எழுதுங்கள், இதோடு சேர்க்க வேண்டாம்.