கால்பந்து அமைப்புகளை நடத்துபவர்களும் ஆட்சியில் இருப்பவர்களும் தவறுக்கு ஏன் பொறுப்பேற்பதில்லை?

வடசென்னையில் ஒரு சிறிய கால்பந்துக் குழுவுக்கு ஒன்பது ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். கிளப் நடத்துபவர்களுக்கும் நாடு நடத்துபவர்களுக்கும் வேலை தெரியாவிட்டாலும் பதவி மட்டும் போவதில்லையே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். தேசிய அளவில் நடந்தவற்றுக்குப் போகும் முன் எங்கள் குழுவில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதில் எனக்கும் பங்கு உண்டு.

ஒரு வருடம் லீக் போட்டிக்கான நுழைவுக் கட்டணத்தைக் கட்டத் தவறினோம். சில ஆயிரம் ரூபாய்தான். நான் காசோலை எழுதி செயலாளரிடம் கொடுத்திருந்தேன். அவர் எங்கள் பகுதியில் செல்வாக்குள்ளவர். இரண்டு செட் ஜெர்சி வாங்கிக் கொடுத்ததால் செயலாளர் ஆனவர். காசோலை அவருடைய காரிலேயே கிடந்தது, கடைசித் தேதி போய்விட்டது. அட்டவணை வெளியான மாலையில் பையன்கள் மைதானத்தில் அந்தத் தாளைச் சுற்றி நின்றார்கள். மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்த ஒருவன், எங்கள் பெயர் இல்லாததைப் பார்த்துவிட்டு, தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அந்த வருடம் முழுவதும் அவர்கள் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை.

அடுத்த வாரம் நிர்வாகக் குழு கூடியது. யாராவது பதில் சொல்ல வேண்டும் என்று எல்லோரும் ஆத்திரத்தோடு பேசினார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தீர்மானம் நிறைவேறியது: பயிற்சியாளரை நீக்குவது. அணியை அவர் சரியாக ஒருங்கிணைக்கவில்லை என்பது காரணம். கட்டணத்துக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. மினிட் புத்தகத்தில் அந்தத் தீர்மானத்தை எழுதியவன் நான். கீழே கையெழுத்தும் போட்டேன். மறுநாள் அவர் பந்து மூட்டையோடு என் வீட்டுக்கு வந்தார். "பதினோரு பந்து சார், இரண்டு ஓட்டை. பம்ப் ஒன்று, விசில் ஒன்று. எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். நான் எண்ணவில்லை. அவர் நின்று, தானே ஒவ்வொன்றாக எடுத்து வைத்து எண்ணிக் காட்டிவிட்டுப் போனார்.

அந்தக் கூட்டத்தில் இருந்த யாரும் கெட்டவர்கள் இல்லை. நீக்கினால் எதிர்த்துக் கேட்க முடியாதவர் யார் என்று தேடினார்கள், கிடைத்தார், நீக்கினார்கள். உங்கள் கேள்விக்கு என் பதில் பெரும்பாலும் அதில் இருக்கிறது.

இனி பெரிய இடத்துக்கு வருகிறேன். அகில இந்திய கால்பந்து சம்மேளனத்துக்கு 1988 முதல் 2022 வரை தலைவர்கள் இரண்டே பேர். முதலில் பிரியரஞ்சன் தாஸ்முன்ஷி, அவருக்குப் பின் பிரஃபுல் படேல். இருவரும் அரசியல்வாதிகள், இருவரும் மத்திய அமைச்சர்களாக இருந்தவர்கள். நீங்கள் கிளப்பையும் அரசாங்கத்தையும் ஒரே கேள்வியில் சேர்த்தது பொருத்தம்தான். நம் நாட்டில் பல சமயம் இரண்டிலும் உட்கார்ந்திருப்பது ஒரே ஆள். அப்போதிருந்த தேசிய விளையாட்டு விதிகளின்படி ஒருவர் 12 ஆண்டுகளுக்கு மேல் தலைவராக இருக்க முடியாது. படேலின் காலம் 2020 டிசம்பரில் முடிந்தது. அமைப்பு விதிகள் பற்றிய வழக்கு நிலுவையில் இருப்பதைக் காரணம் காட்டித் தேர்தல் நடக்கவில்லை, அவர் தொடர்ந்தார். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த நிர்வாகத்தை அகற்றி மூவர் குழுவை அமைத்தது. வெளியார் தலையீடு என்று சொல்லி, ஆகஸ்ட் நடுவில் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா இந்தியாவைத் தடை செய்தது.

தடை வந்தபோது கோகுலம் கேரளா பெண்கள் அணி ஆசிய கிளப் போட்டிக்காக தாஷ்கண்டில் போய் இறங்கியிருந்தது. இந்திய லீக்கை வென்று அந்த இடத்தைச் சம்பாதித்த பெண்கள் அவர்கள். விமானம் ஏறும்போது போட்டியாளர்கள், இறங்கிய பிறகு தடை செய்யப்பட்டவர்கள். ஆடாமலே திரும்பி வந்தார்கள். ஆகஸ்ட் 26 அன்று தடை நீங்கியது, அந்தப் பெண்களுக்கு அது உதவவில்லை. தேர்தலைத் தள்ளிப்போட்டவர்களில் எவரும் இழந்ததை விட, தேர்தலோடு ஒரு சம்பந்தமும் இல்லாத அவர்கள் இழந்தது அதிகம். இதை நினைக்கும்போதெல்லாம் தாளைத் திருப்பிப் பார்த்த பையன்தான் என் கண்முன் வருகிறான்.

பிறகு நடந்த தேர்தலை நான் மிகுந்த நம்பிக்கையோடு பார்த்தேன். முன்னாள் கோல் கீப்பர் கல்யாண் சௌபேயும் முன்னாள் கேப்டன் பைச்சுங் பூட்டியாவும் போட்டியிட்டார்கள். பதிவான 34 வாக்குகளில் சௌபேக்கு 33, பூட்டியாவுக்கு 1. விளையாடிய ஒருவர் முதன்முறையாகத் தலைவரானார். சௌபே பா.ஜ.க.வைச் சேர்ந்தவர் என்றாலும், இனி வேலை தெரிந்தவர் கையில் பொறுப்பு இருக்கும் என்று நண்பர்களிடம் வாதாடினேன். நான் கவனிக்கத் தவறியது வாக்காளர் பட்டியல். வாக்களித்தவை மாநிலச் சங்கங்கள். முன்னாள் வீரர்கள் 36 பேருக்கும் வாக்குரிமை தரலாம் என்று நீதிமன்றக் குழு வைத்த யோசனை, ஃபிஃபா தடை நீங்க வேண்டிய அவசரத்தில் கைவிடப்பட்டது. அந்தத் தேர்தலில் ஆடுகிறவர்களுக்கு வாக்கில்லை, கிளப்புகளுக்கு இல்லை, டிக்கெட் வாங்கிப் பார்ப்பவர்களுக்கு இல்லை. தலைவர் யாருக்கும் பதில் சொல்வதில்லை என்று நாம் குறைப்படுகிறோம். உண்மையில் தன் நாற்காலியைத் தாங்கிப் பிடிக்கும் அந்த 34 பேருக்கு அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. நாம் அந்தக் கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று வரிசையாகப் பாருங்கள். பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச்சுக்கு 2023 இல் 2026 வரை ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா வெளியேறியதும் 2024 ஜூனில் நீக்கப்பட்டார். ஒப்பந்தத்தை முறித்ததற்காக அவருக்கு ஏறத்தாழ 4 லட்சம் டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்து வந்த மனோலோ மார்க்கெஸ், ஆரம்பத்தில் எஃப்.சி. கோவா கிளப்புக்கும் தேசிய அணிக்கும் ஒரே நேரத்தில் பயிற்சியாளராக வைக்கப்பட்டார். ஓர் ஆண்டில் ஒரே ஒரு வெற்றி, அவரும் போனார். 2025 ஆகஸ்டில் காலித் ஜமீல் வந்தார். 2023 ஜூலையில் ஃபிஃபா தரவரிசையில் 99 ஆவது இடத்தில் இருந்த இந்தியா, 2025 நவம்பரில் 142 ஆவது இடத்தில் இருந்தது. இதற்குள் பயிற்சியாளர் இரண்டு முறை மாறினார். அந்த ஒப்பந்தத்தை நீட்டித்தவர் யார், ஒருவரை இரண்டு வேலைக்கு அமர்த்தலாம் என்று முடிவு செய்தவர் யார், அவர்கள் எந்தத் தேதியில் அதற்குக் கணக்குக் கொடுத்தார்கள் என்ற கேள்விகள் அப்படியே கிடக்கின்றன. ஸ்டிமாச் தோற்றார், நீக்கப்பட்டார், சரி. அந்த 4 லட்சம் டாலரைத் தோற்றது ஸ்டிமாச் இல்லையே.

நாட்டின் முதன்மைக் கால்பந்து லீக்கான ஐ.எஸ்.எல். விவகாரம் இதைவிட வேதனையானது. சம்மேளனம் தன் வணிக உரிமைகளை 2010 இல் 15 ஆண்டுகளுக்கு எழுதிக் கொடுத்தது. ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8 அன்று முடியும் என்பது கையெழுத்தான நாளிலிருந்தே தெரியும். புயல் போல், வெள்ளம் போல் திடீரென்று வந்த விஷயம் இல்லை. காலண்டரில் இருந்த ஒரு தேதி. ஆனாலும் 2025 ஜூலையில் லீக்கை நடத்தும் நிறுவனம் அடுத்த பருவத்தை நிறுத்தி வைத்தது. கிளப்புகள் சில சம்பளத்தை நிறுத்தின. அக்டோபரில் டெண்டர் விட்டார்கள், நவம்பரில் கெடு முடியும்வரை ஒருவரும் வாங்க வரவில்லை. 2026 ஜனவரித் தொடக்கத்தில் இந்திய வீரர்கள் சேர்ந்து வீடியோவில் தோன்றி, எங்களைக் காப்பாற்றுங்கள் என்கிற நிலையில் ஃபிஃபாவிடம் முறையிட்டார்கள். அதற்குச் சில நாட்கள் கழித்து மத்திய விளையாட்டு அமைச்சர், பிப்ரவரி 14 அன்று போட்டிகள் தொடங்கும் என்று அறிவித்தார். அமைச்சர் வந்து தீர்த்து வைத்தார் என்று பாராட்டினார்கள். எனக்கு அந்தப் பாராட்டில் மனம் ஒட்டவில்லை. பதினைந்து வருடம் தெரிந்திருந்த தேதிக்கு ஏற்பாடு செய்யாதவரைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு அல்லவா பாராட்டுக்குப் போக வேண்டும்? எங்கள் செயலாளர் தவறவிட்டதும் ஒரு தேதியைத்தான்.

இந்தியாவில்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் பரி எஃப்.சி. என்று ஒரு கிளப். 1885 இல் தொடங்கியது, 1900 இலும் 1903 இலும் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. 2018 டிசம்பரில் ஸ்டீவ் டேல் என்ற வணிகர் அதை ஒரு பவுண்டுக்கு வாங்கினார். அந்த ஊரில் ஒரு கால்பந்து அணி இருப்பதே தனக்குத் தெரியாது என்று பின்னாளில் வானொலிப் பேட்டியில் அவரே சொன்னார். சம்பளப் பாக்கி, கடன், கெடுவுக்கு மேல் கெடு. 2019 ஆகஸ்ட் 27 அன்று கடைசிக் கெடு. வாங்க யாராவது வந்துவிடுவார்கள், சனிக்கிழமை ஆட்டம் நடக்கும் என்று நம்பி, அன்று ஊர்மக்கள் துடைப்பமும் வாளியுமாக மைதானத்துக்கு வந்து இருக்கைகளைத் துடைத்தார்கள். அன்றிரவே கிளப் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. 134 ஆண்டுப் பழைய கிளப், எட்டு மாதம் இருந்தவர் கையில் தன் இடத்தை இழந்தது. உரிமையாளருக்கான சோதனை அங்கே அப்போதும் இருந்தது. ஆனால் ஒருவருக்குக் கிளப் நடத்தத் தெரியுமா என்று அது கேட்கவில்லை. 2025 ஜூலையில் இங்கிலாந்தில் கால்பந்து நிர்வாகச் சட்டம் வந்திருக்கிறது; தனி ஒழுங்குமுறை அமைப்பு உரிமையாளர்களின் தகுதியையும் பணத்தையும் பரிசோதிக்கும். நான் அதை வரவேற்கிறேன். பரி மக்களுக்கு அது ஆறு வருடம் தாமதம்.

ஆட்சியாளர்களைப் பற்றியும் கேட்டீர்கள். 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே வெள்ளத்தில் பாலம் உடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அதே ஆண்டு மகபூப்நகர் விபத்தின்போதும் விலக முன்வந்தார், அப்போது நேரு ஏற்கவில்லை. ரயில்வே துணை அமைச்சர் அழகேசனை நோக்கி, ஆண்டது போதாதா, மக்கள் மாண்டது போதாதா என்று எழுந்த முழக்கத்தை என் தாத்தா முதுமையிலும் தாளத்தோடு சொல்லிக் காட்டுவார். சாஸ்திரி ஓட்டிய ரயில் இல்லை, அவர் கட்டிய பாலம் இல்லை. பதவி விலகியதால் பாலம் எழுந்து நிற்கவும் இல்லை. ஆனால் அன்றைக்குக் கேட்கப்பட்ட கேள்வி சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்தது. இன்று ஒரு விபத்து நடந்தால் மாலைக்குள் இரண்டு ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்படுகிறார்கள். ஆய்வுக்கு ஒதுக்க வேண்டிய பணத்தை ஒதுக்காதவர், காலிப் பணியிடத்தை நிரப்பாதவர் பெயர் எந்தச் செய்தியிலும் வருவதில்லை. அந்த இரண்டு ஊழியர்களில் நான் எங்கள் பயிற்சியாளரைப் பார்க்கிறேன்.

எல்லோரும் உடனே ராஜினாமா செய்ய வேண்டும் என்பது என் வாதம் இல்லை. தவறு யாருக்கும் நேரும். இந்த வேலை இவருடையது, இந்தத் தேதிக்குள் என்று முன்கூட்டியே ஊரறிய எழுதி வைத்திருக்கிறார்களா என்பதே நான் பார்ப்பது. எழுதாதவரை எந்தத் தோல்விக்கும் கீழே இருப்பவரைப் பிடித்துக்கொள்ளலாம்.

எங்கள் குழுவில் நான் செய்ய முடிந்தது ஒன்றுதான். அந்தப் பருவம் முடிந்ததும் பொதுக்குழுவில் எழுந்து, பயிற்சியாளரை நீக்கிய தீர்மானம் தவறு, நான் கையெழுத்திட்டதும் தவறு என்று சொன்னேன். அறையில் சிறிது நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. செயலாளர் எழுந்து வெளியே போய்விட்டார், அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. அப்போதிலிருந்து ஒவ்வொரு வருடமும் கட்டண ரசீது மைதானத்துச் சுவரில் பையன்கள் படிக்கும் உயரத்தில் ஒட்டப்படுகிறது. கடைசித் தேதியும் கட்ட வேண்டியவர் பெயரும் அதன் மேலேயே எழுதப்படும். பயிற்சியாளரைத் திரும்ப அழைக்கப் போனேன். அவர் வேறொரு குழுவில் சேர்ந்துவிட்டிருந்தார். வாசலில் நின்று பேசிவிட்டுக் கிளம்பும்போது, "அந்த இரண்டு ஓட்டைப் பந்தையும் ஒட்டினீர்களா சார்?" என்று கேட்டார்.