அரிய நோயுள்ள பிள்ளையின் வீட்டை ஊர் ஏன் ஒதுக்குகிறது?

அக்காவின் மகனுக்கு டுஷென் தசைநலிவு (தசைகள் மெல்ல மெல்ல வலுவிழக்கும் நோய்), யாழ்ப்பாணத்தில் சனம் "தாய்வழிப் பழி" என்கிறது, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பழியே இல்லை. எக்ஸ் நிறமூர்த்தம் என்ற, மரபணுக்களைச் சுமக்கும் இழையில் உள்ள ஒரு மரபணுப் பிழை அது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பிள்ளைக்குப் புதிதாகவே உண்டாகிறது, தாயிடம் இருப்பதில்லை. இருந்தாலும் அது அவள் செய்த குற்றமா?

எங்கள் ஒழுங்கையில் ஒரு வீடு, அங்கும் இப்படி நோயுள்ள ஒரு பெடியன். அவனுடைய சித்திக்குக் கலியாணம் பேச ஆட்கள் வந்தால் பெடியனை உள்ளறையில் இருத்திக் கதவைச் சாத்துவார்கள். அவன் சத்தம் போடாமல் இருக்கப் பழகிவிட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நோய் முற்றினால் இரவில் பிள்ளையைப் புரட்டிப் படுக்கவைக்கவே பலதரம் எழும்பவேண்டும். ஆகவே ஆறுதல் சொல்வதைவிட, ஒரு பின்னேரம் மகனை நீங்கள் பாருங்கள். அக்கா நித்திரை கொள்ளட்டும். அப்புறம், கோயில் திருவிழாவுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள், கூட்டம் இருக்கும்போதே.