தாடிக்குள் இருந்தவர்

வணக்கம் சார்,

பள்ளி விடுமுறையில் மகளோடு உட்கார்ந்து ஹாரி பாட்டர் படங்கள் எட்டையும் பார்த்து முடித்தேன். அவளுக்கு அதில் வரும் தாடிக்கார அரை ராட்சசன் ஹாக்ரிட் என்றால் உயிர். அந்த நடிகர் ராபி கோல்ட்ரேன் 2022 அக்டோபரில் இறந்துவிட்டார் என்று சொன்னதும் முகம் வாடிவிட்டது. அவரைப் பற்றித் தேடியபோது, 'கிராக்கர்' என்ற தொலைக்காட்சித் தொடரில்தான் பெரிய பேர் வாங்கினார் என்று படித்தேன். முதல் கதையை மட்டும் பார்த்தேன். குடி, சூதாட்டம், ஓயாத சிகரெட், வாயைத் திறந்தால் நக்கல். அவரா இவர் என்று ஆகிவிட்டது. இவ்வளவு பெரிய நடிகரைத் தாடிக்குள் ஒளித்துவைத்துப் பத்து வருஷம் வீணாக்கிவிட்டார்களோ? இன்னொன்று. சில நடிகர்களை 'நகைச்சுவையைத் தாண்டி வந்தவர்கள்' என்று நீங்கள் ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். இவரும் அப்படித்தானா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

'தாண்டி வந்தவர்கள்' என்று எழுதியது என் தப்பு. எழுதும்போது ஓசை நன்றாக இருந்தது, அப்படியே விட்டுவிட்டேன். நகைச்சுவை கீழ்ப்படி, அழவைக்கும் வேஷம் மேல்படி என்ற எண்ணம் நம் எல்லோருக்கும் கொஞ்சம் உண்டு. கோல்ட்ரேன் தன் நகைச்சுவையைக் கையோடு எடுத்துக்கொண்டே எல்லா இடத்துக்கும் போனவர்.

நீங்கள் பார்த்த முதல் கதையிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. மான்செஸ்டர் போலீசுக்கு உதவும் உளவியலாளர் ஃபிட்ஸ் ஒரு வகுப்பெடுக்க வருகிறார். கையில் புத்தக அடுக்கு. ஸ்பினோசா, டெகார்ட், ஃப்ராய்டு என்று தத்துவ, உளவியல் மேதைகளின் பேரைச் சொல்லிச் சொல்லி ஒவ்வொன்றாகக் கூட்டத்துக்குள் வீசுகிறார். இதெல்லாம் எதற்கு, ஒரு அறையில் தனியாக உட்கார்ந்து உங்களுக்குள் இருக்கும் இருட்டைப் பாருங்கள் என்கிற மாதிரி சொல்லி முடித்துவிடுகிறார். அந்தக் காட்சியை இன்னொரு முறை போட்டு, ஒரு புத்தகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே அவர் விடும் இடைவெளியை மட்டும் கவனியுங்கள். முதலில் சிரிப்பு வரும். அப்புறமும் வரும். அதற்குப் பிறகு, இந்த ஆள் எங்கே கொண்டுபோய் நிறுத்தப் போகிறான் என்று வயிற்றில் லேசாக ஒரு கலக்கம். சிரிக்கவைத்துப் பிழைத்தவருக்குத்தான் அந்த அளவு கைவரும்.

விசாரணை அறையிலும் இதே வித்தைதான். எதிரில் இருப்பவனை ஒரு நக்கலால் தளர்த்துவார். அவன் இறுகிக்கொள்வதற்குள் அடுத்த கேள்வி உள்ளே போயிருக்கும். எழுதியவர் லிவர்பூல்காரரான ஜிம்மி மெக்கவர்ன். 1994-ல் வந்த ஒரு கதையில், ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலில் நடந்த சாவுகளை மறக்க முடியாமல் கொலைகாரனாகிவிட்ட ஒருவனாக ராபர்ட் கார்லைல் வருவார். கோல்ட்ரேனைப் போலவே கார்லைலும் கிளாஸ்கோக்காரர்தான். தொடரை விட்டுவிட நினைத்தாலும் அந்த ஒரு கதையைப் பார்த்துவிட்டு விடுங்கள். 1994, 95, 96 என்று மூன்று வருஷமும் சிறந்த நடிகருக்கான பிரிட்டிஷ் விருதான பாஃப்டா கோல்ட்ரேனுக்குப் போனது.

அவருடைய பூர்வீகத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1950-ல் கிளாஸ்கோவை ஒட்டிய ரதர்க்ளெனில் பிறந்தவர். இயற்பெயர் ஆன்டனி ராபர்ட் மெக்மில்லன். அப்பா டாக்டர், அம்மா ஆசிரியை. பணக்காரப் பிள்ளைகள் படிக்கும் விடுதிப் பள்ளியிலிருந்து கிளாஸ்கோ ஓவியப் பள்ளிக்குப் போனபோது, இளவரசர் சார்லஸ் மாதிரிப் பேசுகிறான் என்று கேலி செய்திருக்கிறார்கள். அந்தப் பேச்சை அவர் உதறிவிட்டார். ஒரு ஊர்ப்பேச்சைக் கழற்றி இன்னொன்றை மாட்டிக்கொள்ளும் பழக்கம் அங்கேயே தொடங்கியது என்பது என் ஊகம். பிறகு ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் பெயரை எடுத்துக்கொண்டு நடிக்கப் போனார். எண்பதுகளின் தொடக்கத்தில் தொலைக்காட்சி நகைச்சுவை. 'அல்ஃப்ரெஸ்கோ'வில் கூட நடித்தவர்கள் எம்மா தாம்சன், ஸ்டீஃபன் ஃப்ரை, ஹியூ லாரி. மூவரும் கேம்பிரிட்ஜ்.

அந்தக் காலத்து வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1987-ல் 'பிளாக்காடர்' என்ற நகைச்சுவைத் தொடரின் மூன்றாம் வரிசையில் ஒரே ஒரு பகுதிக்கு, அகராதி எழுதிய டாக்டர் ஜான்சனாக வந்து போனது. ஆங்கிலத்தில் உள்ள அத்தனை சொல்லும் என் அகராதியில் இருக்கிறது என்று அவர் மார்தட்டுவார். கதாநாயகன் பிளாக்காடர் மிகப் பணிவாக, அப்போதே இட்டுக்கட்டிய ஒரு நீளமான சொல்லைப் போட்டு வாழ்த்துச் சொல்வார். சிரிப்பு முழுக்க ஜான்சனின் முகத்தில்தான். பெருமிதம் அப்படியே இருக்க, கண்ணில் மட்டும் ஒரு பீதி. எங்கே தவறவிட்டோம் என்று அவசரமாக அதைக் குறித்துக்கொள்வார். நகைச்சுவையில் எதிரே நின்று அடி வாங்குகிறவரின் வேலைதான் கஷ்டம். நிஜமான ஜான்சன் தன் 1755 அகராதியில் ஓட்ஸ் என்ற சொல்லுக்கு, இங்கிலாந்தில் குதிரைக்குப் போடுவது, ஸ்காட்லாந்தில் மனிதர்கள் தின்பது என்று பொருள் எழுதியவர். அவர் வேஷத்தை ஒரு ஸ்காட்லாந்துக்காரர் கட்டி ஆடியிருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

அதே வருஷம் பிபிசி ஸ்காட்லாந்து எடுத்த 'டூட்டி ஃப்ரூட்டி'. ஒரு பழைய ராக் அண்ட் ரோல் குழுவின் பாடகன் கார் விபத்தில் செத்துப்போக, அவன் தம்பி அந்த இடத்தில் போய் நிற்கிறான். அண்ணன், தம்பி இருவரும் கோல்ட்ரேன்தான். ரொம்ப காலம் மறுஒளிபரப்பே இல்லாமல் கிடந்து, 2009-ல்தான் டிவிடி வட்டாக வந்தது.

சினிமாவில் அவருக்குக் கிடைத்தது கலவைதான். ஜேம்ஸ் பாண்ட் படங்கள் இரண்டில் ரஷ்யத் தாதா. அப்புறம் 'தி போப் மஸ்ட் டை' என்றொரு படம். அந்தத் தலைப்புக்கு அமெரிக்காவில் எதிர்ப்பு வரவே, கடைசியில் ஒரு எழுத்தைக் கூட்டி 'போப் மஸ்ட் டயட்' ஆக்கிவிட்டார்கள். நாயகனின் உடம்புக்கு அது பொருத்தமாகவும் போய்விட்டது.

சரி, தாடிக்கு வருவோம். ஹாக்ரிட்டுக்கு முதலிலேயே இவரைத்தான் கேட்டார் ஹாரி பாட்டர் கதைகளை எழுதிய ரௌலிங். அரை ராட்சசன் வேண்டும், இவர் உயரமோ ஆறடியைக் கொஞ்சம் தாண்டியது. அதனால் தூரக் காட்சிகளில் மார்ட்டின் பேஃபீல்ட் என்ற முன்னாள் ரக்பி வீரர், ஆறடி பத்து அங்குலம், அந்த உடுப்புக்குள் நடந்தார். ஹாக்ரிட்டின் குடிசையையே இரண்டு அளவில் கட்டினார்கள். உடம்பு, முடி, கோட்டு எல்லாம் தந்திரம் என்றால் கோல்ட்ரேனுக்கு மிஞ்சியது கண்ணும் குரலும்தான்.

அதை வைத்து அவர் என்ன செய்தார் என்று முதல் படத்தில் பாருங்கள். பிள்ளைகளிடம் ஒரு ரகசியத்தை உளறிவிட்டு, 'இதைச் சொல்லியிருக்கக் கூடாது' என்பார். மறுபடி உளறுவார், மறுபடி அதே வசனம். உங்கள் மகள் நிச்சயம் சிரித்திருப்பாள். ஃபிட்ஸ், எதிராளி சொல்லக் கூடாததைச் சொல்ல வைக்கிறவர். ஹாக்ரிட்டால் சொல்லக் கூடாததை வாய்க்குள் வைத்திருக்க முடியாது. மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். இரண்டுக்கும் வேண்டிய நேரக்கணக்கு ஒன்றே. அதனால்தான் அந்தப் பத்து வருஷத்தை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2016-ல் 'நேஷனல் ட்ரெஷர்' என்று நான்கே பகுதிகள். ஊரே கொண்டாடும் ஒரு வயதான நகைச்சுவை நடிகராகக் கோல்ட்ரேன். அவர் மீது, பல வருஷத்துக்கு முந்தைய பாலியல் வன்முறைப் புகார் வருகிறது. கதையில் அவர் மனைவியாக வருபவர் ஜூலி வால்டர்ஸ், உங்கள் மகளுக்கு ஹாரி பாட்டர் படங்களின் மோலி வீஸ்லி. வீட்டில், வெளியில் எங்கும் அவர் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சமாளிக்கப் பார்ப்பார். நாற்பது வருஷமாக நமக்குப் பிடித்திருந்த அதே குரல், அதே நிறுத்தம். சிரிக்கவும் முடியாது, முகத்தைத் திருப்பவும் முடியாது. இந்த வேஷத்தை வேறு யார் செய்திருந்தாலும் எனக்கு இவ்வளவு கூசியிருக்காது.

மகளுக்கு இதெல்லாம் இப்போது வேண்டாம். 'கிராக்கர்' கூட இன்னும் ஆறேழு வருஷம் போகட்டும். அப்போது பார்த்தால், ஃபிட்ஸோடு வரும் போலீஸ் அதிகாரி பென்ஹாலிகனைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவாள். நடித்தவர் ஜெரால்டின் சோமர்வில், ஹாரியின் அம்மா. இப்போதைக்கு, கோல்ட்ரேன் ஒரு பழைய கேடிலாக் காரில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்த பயணத் தொடர் ஒன்று இருக்கிறது, 1993-ல் வந்தது. எங்காவது கிடைத்தால் காட்டுங்கள். மனிதருக்கு எஞ்சின் என்றால் பைத்தியம். முதல் படத்தில் வானத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறாரே, அவருக்குத் தாடி வேண்டுமானால் ஒட்டியிருப்பார்கள், வண்டி ஆசை சொந்தம்.